மூத்தாள் பொட்டும் ஒற்றைக் கம்பியும்

இரண்டாந்தாரமாகப் போகிறவளுக்குக் கோபம் ஆகாது என்று என் அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சத்தியமங்கலத்திலிருந்து சிங்காநல்லூர் வந்து சேர்வதற்குள் பஸ்காரனிடம் ஒரு சண்டை, சாமான் இறக்கியவனிடம் ஒரு சண்டை. புது மாப்பிள்ளை வெங்கடபதி இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும்.

மில்லுக்கு மலைமேலிருந்து பைக்காரா கரண்டு வந்த மறு வருஷம் அது. அவர் அங்கே பிட்டர் வேலை பார்த்தார். எனக்கு வயது பத்தொன்பது. அவருடைய முதல் சம்சாரம் பங்காரம்மா காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் விட்டுப்போனது ஒரே ஒரு பெண் குழந்தை, ஏழு வயது, பெயர் சாந்தாமணி.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் செத்து இளையவள் வந்தால், மூத்தவள் பெயரில் ஒரு தங்கப் பொட்டு அடித்து, அதை இளையவள் தன் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். புளியங்கொட்டை அகலம்கூட இருக்காது. மூத்தாள் பொட்டு என்பார்கள். மூத்தவள் அதில் வந்து குடியிருக்கிறாள் என்று நம்பிக்கை. வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். புதுச்சேலை எடுத்தால் முதலில் அதற்குக் காட்ட வேண்டும். ஆக, கல்யாணத்தன்று என் கழுத்தில் இரண்டு ஏறின. ஒன்று புருஷன் கட்டிய தாலி, இன்னொன்று அவருடைய பழைய சம்சாரம்.

பொட்டைக் கட்டிவிட்டவள் என் நாத்தனார். அவருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மூன்றும் ஆணாகப் பெற்றவள், ஒரு பெண் குழந்தைக்கு ஏங்கியவள். பங்காரம்மா போன நாளிலிருந்து சாந்தாமணியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகத் துடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. ஆனால் நாத்தனாருக்குக் கண்டிப்பு வந்துவிட்டால் தமிழுக்கு மாறிவிடுவாள், ஊர் முழுக்கப் புரியட்டும் என்று. மணையில் உட்கார்ந்திருந்த என் பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இது உன்ற கழுத்துல இருக்கற வரைக்குந்தான் புள்ள உங்கிட்ட இருக்கும். மூத்தவளுக்கு நீ குறை வெச்சீன்னு தெரிஞ்சா, அன்னைக்கே புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். பாத்துக்க."

எனக்குச் சுருக்கென்றது. குனிந்த தலையோடு, "சரிங்க வதினா" என்றேன். மணப்பெண் வேறென்ன சொல்ல முடியும்.

வந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. கடமைக்காக அல்ல, ஊர் மெச்சுவதற்காகவும் அல்ல. ஷிப்டு ஷிப்டாக வெளியே போகும் புருஷன், நாள் முழுக்க மில் சங்குச் சத்தம், சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு. அதில் என்னோடு இருந்த ஒரே உயிர் அவள்தான். தலை வாரிவிட்டால் அசையாமல் உட்காருவாள். சோறு போட்டால் சிந்தாமல் சாப்பிடுவாள். குறையே சொல்ல முடியாத பிள்ளை. எனக்கு அதுதான் குறை.

அப்பாவிடம் தெலுங்கு பேசுவாள், பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூடத் தெலுங்கு பேசுவாள். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் 'ங்க' சேர்த்து. "ஏனுங்க, தண்ணி வேணுங்க." "ஏனுங்க, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுங்க." சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லி நாத்தனாரே பழக்கிப் பார்த்தாள். பிள்ளை தலையாட்டிவிட்டு மறுபடியும் ஏனுங்க என்றாள். தபால்காரனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆனால் சாயங்காலமானால் வருவாள். நான் முறத்தோடு உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து முழங்கால் இடிக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டு உட்காருவாள். ஒன்றும் பேசமாட்டாள். என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வாயால் சொல்லாவிட்டால் போகிறது, மனசில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் அரிசியில் இல்லாத கல்லையெல்லாம் தேடிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் எங்கள் தெருவில் ஒரு பண்டாரம் வந்தான். கையில் ஒற்றைக் கம்பி வாத்தியம், சுரைக்குடுக்கையில் செய்தது. அவன் பாட்டு சுமார்தான். சாந்தாமணி அவன் பின்னாலேயே தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, அது மாதிரி நம்மளால செய்ய முடியுங்களா?"

'நம்மளால' என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் வீணையே செய்து தருகிறேன் என்று சொல்லியிருப்பேன். "அதென்ன பிரமாதம், செஞ்சுபோடலாம்" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் அண்ணன்மாரோடு காட்டில் செய்த சோளத்தட்டுப் பிடில் ஒன்றுதான்.

அதையே முதலில் செய்தோம். எதிர்வீட்டுச் சாமியாத்தாளும் வந்து சேர்ந்துகொண்டாள். கவுண்டர் வீட்டுப் பிள்ளை, சாந்தாமணி வயதுதான், ஆனால் இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசுவாள். அவர்கள் வீட்டுச் சோளப்போரிலிருந்து மொத்தமான தட்டாக ஒன்று உருவிக்கொண்டு வந்தாள். இரண்டு கணுக்களுக்கு நடுவே தோலைக் கத்தி நுனியால் மெல்லிசாகக் கீறி, இரண்டு முனையும் அறாமல் மேலே தூக்கி, அடியில் இரண்டு பக்கமும் ஈர்க்குத் துண்டைச் செருகினால் தோலே கம்பியாகிவிடும். மூன்று தட்டை நான் அறுத்துக் கெடுத்தேன். நாலாவது பேசிற்று. காதோரம் வைத்துத் தட்டினால் ணிங் என்று கொசு அளவுக்கு ஒரு சத்தம். சாந்தாமணி அதைக் கீழே வைக்கவே இல்லை. மறுநாள் வெயிலில் காய்ந்து தோல் படக்கென்று அறுந்துபோயிற்று.

"பரவால்லீங்க" என்றாள், துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்தது நஞ்சுண்டன் கடையில் வாங்கி வந்த காலி பிஸ்கட் டின். டின்னில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு மூங்கில் குச்சியைச் செருகி, மில் நூலை எட்டுப் புரியாக முறுக்கித் தேன்மெழுகு தடவிக் கட்டினோம். ஓட்டை போடுகிறேன் என்று என் கட்டைவிரலில் ஆணியை ஏற்றிக்கொண்டேன். சாமியாத்தாள் கிணற்றடிக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள். சாந்தாமணி தன் பாவாடை நுனியால் என் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். வலியே தெரியவில்லை. டின் தவளை மாதிரி கத்திற்று. நூல் வேறு நிமிஷத்துக்கு ஒருதரம் தொங்கிவிடும்.

மூன்றாவதாகத்தான் கொட்டாங்குச்சி. தேர்ந்தெடுத்து ஒரு பெரிய தேங்காயை வாங்கி, சரிபாதிக்குக் கொஞ்சம் மேலே உடைத்து, நாரையெல்லாம் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, செங்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினோம். இரண்டு நாள் ஆயிற்று. வாய்க்கு மூடி போடத் தோல் வேண்டும் என்றாள் சாமியாத்தாள். ஆட்டுத்தோலை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நாத்தனார் என்னைத் தோலுரித்துவிடுவாள். காடாத் துணியை இரண்டு மடிப்பாகப் புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து இழுத்து ஒட்டிக் காயவைத்தால் தோல் மாதிரியே விறைத்துக்கொள்ளும் என்று நானே ஒரு உபாயம் சொன்னேன்.

கம்பிதான் கிடைக்கவில்லை. குதிரைவால் மயிரை முறுக்கிப் பார்க்கலாமா என்று நாங்கள் மூவரும் யோசித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டிருக்க வேண்டும். அன்று ஷிப்டு முடிந்து வந்து தூக்குப்போசியைக் கழுவப் போட்டார். திறந்தால் உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு முழம் மெல்லிய எஃகுக் கம்பி, கூடவே கம்பியை இறுக்கும் முறுக்காணிக்கு வாகாக ஒரு உடைந்த பாபின். ஏது என்று கேட்டேன். "கழிச்சுப் போட்டதுதான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்த மனுஷன்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

பசை காய்ச்சும்போது சாந்தாமணி கேட்டாள். "ஏனுங்க, கம்பிய சும்மா குச்சியில கட்டுனா ஆவாதுங்களா? கொட்டாங்குச்சி எதுக்குங்க?"

"கம்பிக்குத் தனியாச் சத்தம் ஏது கண்ணு. அது சும்மா முணுமுணுக்கும். உள்ள இருக்கறதுதான் பேசும்."

"உள்ள என்னங்க இருக்குது?"

"காத்து."

"வேற எதாச்சும் வெச்சா?"

பசை அடிப்பிடிக்கிற அவசரம் எனக்கு. "வெச்சா அது பேசும். கரண்டிய எடு கண்ணு, கருகுது" என்றேன். காற்று என்று ஒழுங்காக நிறுத்தியிருக்கலாம். என் வாய் எனக்கு எப்போதும் சத்துரு.

அன்று வெள்ளிக்கிழமை. பொட்டுக் கட்டியிருந்த கயிறு நைந்துபோயிருந்தது. புதுக்கயிற்றை மஞ்சளில் நனைத்து வைத்துவிட்டு, பொட்டைக் கழற்றிக் குங்குமச் சிமிழின் மூடியில் சாமி மாடத்தின் முன்னால் வைத்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்கி வைத்துத் துடைத்துவிட்டு வந்தால் பொட்டைக் காணோம். மூடியில் குங்குமம் மட்டும் இருந்தது.

 மாடத்தைத் துடைத்தேன், பாயை உதறினேன், சாக்கடைக் குழியில் கையை விட்டுத் துழாவினேன், அடுப்புச் சாம்பலைச் சலித்தேன். முற்றத்தில் பிள்ளைகள் இரண்டும் கொட்டாங்குச்சிக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "பொட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். சாமியாத்தாள், அதிசயமாக, வாயைத் திறக்கவில்லை. சாந்தாமணி பசைக் கையோடு, "பாக்கலீங்க" என்றாள். காலையில் மாடத்துப் பக்கம் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. மின்னுவதைக் கண்டால் தூக்கிக்கொண்டு போகும் சனியன். காக்கைதான் என்று முடிவு கட்டி, அன்று முழுக்க ஊர்க் காக்கைகளையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை பங்காரம்மாவுக்கு இரண்டாம் வருஷத் திவசம். நாத்தனார் வந்து தன் கையால் பொட்டுக்குப் பாலபிஷேகம் செய்வாள். எட்டு நாள் இருந்தது. வெறும் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சேலையை இழுத்து மூடிக்கொண்டு திரிந்தேன்.

கொட்டாங்குச்சி ஞாயிற்றுக்கிழமை காய்ந்துவிட்டது. கம்பியைப் பூட்டிப் பாபினை முறுக்கிச் சாந்தாமணி முதல் தட்டுத் தட்டினாள். நான் எதிர்பார்த்தது டொய்ங் என்று ஒரு சத்தம். வந்தது வேறு. கம்பி இழுத்துப் பேசியதும் அதன் பின்னாலேயே உள்ளிருந்து ஒரு சின்ன நடுக்கம், ஜிவ்வென்று, தொண்டையைச் செருமிக்கொண்டு யாரோ பாட ஆரம்பிப்பது மாதிரி இருந்தது. பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை. பொட்டு போன கவலையைக்கூட ஒரு நாழிகை மறந்தேன்.

அதன்பின் அவள் அதைவிட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முற்றத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கொட்டாங்குச்சியைக் காதோடு அணைத்துக்கொண்டு, ஒரே கம்பியைத் தட்டித் தட்டிக் கூடவே ஏதோ முனகுவாள். தெலுங்கில் தாலாட்டு மாதிரி கேட்கும். ஒரு அடிதான் தெரியும் போலிருக்கிறது, திரும்பத் திரும்ப அதையே முனகுவாள்.

நான் சாயங்காலம் முறத்தோடு உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அரிசியைப் புடைத்து முடித்து, பருப்பைப் புடைத்து, ஒன்றும் இல்லாமல் வெறும் முறத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை நானே கூப்பிட்டேன். "கண்ணு, கிட்ட வந்து உக்காருவியாம்." எழுந்து வந்தாள், மரியாதையாக ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். என் கழுத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் கழுத்தைத்தான். முகத்தை அல்ல, ஒருநாளும் அல்ல. பொட்டில் அம்மா இருக்கிறாள் என்று கல்யாணத்தன்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் சாயங்காலம் தோறும் அம்மாவைப் பார்க்க வந்தாள். நான் வெறும் ஆணி, படம் மாட்டியிருந்த ஆணி. இந்த அசடு அதை வைத்துக்கொண்டு எத்தனை கோட்டை கட்டினேன்.

இப்போது ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் சாமியாத்தாளைப் பிடித்தேன். அவளுக்கு அன்று கண்வலி, வீட்டில் இருந்தாள். நான் கேட்பதற்காகவே காத்திருந்தவள் மாதிரி கொட்டிவிட்டாள்.

"நானொண்ணும் எடுக்கலீங்கக்கா. அவதான் எடுத்து உள்ள போட்டு ஒட்டிபோட்டா. அவுங்கம்மா அந்தப் பொட்டுல பேசாமயேதான இருக்காங்க. கொட்டாங்குச்சிக்குள்ள வெச்சா பேசுவாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. இப்பப் பேசறாங்களாமா."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துக் குலுக்கினேன். கிலுக்கென்றது. கத்தியை எடுத்தேன். துணியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போதும், பொட்டு என் கழுத்துக்கு வந்துவிடும். நாத்தனார் வாயடைத்துப் போவாள், பிள்ளை இந்த வீட்டிலேயே இருக்கும். கத்தியைத் துணிமேல் வைத்தேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளைமேல் அல்ல, பங்காரம்மாமேல். "உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று அந்தக் கொட்டாங்குச்சியிடம் வாய்விட்டுக் கேட்டேன். "வெள்ளி செவ்வாய் தவறாமப் பொட்டு வெச்சேன். என் சேலைய முதல்ல உனக்குத்தான் காட்டினேன். அவ தலையில பேன் பாத்தது நானு. சொரத்துல கண்ணு முழிச்சது நானு. நீ செத்துங்கூட அவளுக்கு நீதான் வேணுமாக்கும்." கோபத்தில் கம்பியை ஒரு இழு இழுத்தேன். அது பேசிற்று. ஜிவ்வென்று அந்தச் செருமல் வந்தது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அறுத்தால் உள்ளே என்ன இருக்கும்? ஒரு சின்னத் தங்கத் துண்டு, பசை ஒட்டிக்கொண்டு. சாயங்காலம் பிள்ளை வந்து பார்ப்பாள். அவள் அம்மா அதற்குள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அவரிடம் சொன்னாலும் அதே கதிதான். அவர் அக்காவிடம் சொல்லுவார், அவருக்கு அக்காவிடம் மறைத்துப் பழக்கமில்லை. நாத்தனார் கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, பண்டாரத்து வாத்தியத்துக்குள் மூத்தவளைப் போட்டு அடைத்தாயா என்று நாலு சாத்துச் சாத்தி, பிள்ளையின் கண்ணெதிரிலேயே அதை உடைப்பாள். ஏழு வயதில் ஒருத்திக்கு ஒரே அம்மா இரண்டு தடவை சாக வேண்டுமா? அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும்தான். ஆனால் அப்படி அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

என்னிடம் தங்கம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மூக்குத்தி இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் அம்மா போட்டு அனுப்பியது. அன்று மத்தியானமே ஆசாரி வீட்டுக்குப் போனேன். கழற்றும்போது ஒரு பக்கம் திருகு சிக்கி ரத்தம் வந்துவிட்டது. ஆசாரி மூக்கையும் மூக்குத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்குங்க அம்மணி?" என்றார்.

"ஒரு பொட்டு அடிக்கோணும். புளியங்கொட்டையில பாதி அகலம், நடுவுல குமிழு. பழசு மாதிரி இருக்கோணுங்க."

"பழசு மாதிரிங்களா? எல்லாரும் புதுசு மாதிரிதான் கேப்பாங்க."

"எனக்குப் பழசுதான் வேணும்."

வெள்ளிக்கிழமை வாங்கி வந்தேன். கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னிற்று. சாம்பலில் புரட்டினேன், எண்ணெய்யும் மஞ்சளும் அப்பினேன், உரலடியில் தேய்த்தேன். ஊரில் எல்லாரும் நகையை மினுக்குவார்கள், நான் ஒருத்தி உட்கார்ந்து மங்கவைத்தேன். மூக்கு ஓட்டைகள் தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டேன். அவர் பார்த்தார். "புண்ணாயிருச்சுங்க, கழட்டி வெச்சிருக்கேன்" என்றேன். தலையாட்டினார்.

சனிக்கிழமை நாத்தனார் விடிந்ததும் வந்துவிட்டாள். பலகையில் புதுச்சேலையை மடித்து வைத்து, மேலே என் கழுத்துப் பொட்டை அவிழ்த்து வாங்கி வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

"என்ன, பளபளன்னு இருக்குது?"

"புளி போட்டுத் தேச்சனுங்க வதினா. திவசமாச்சே."

நாத்தனாரின் முகம் இளகிவிட்டது. "இப்பத்தான் உனக்கு மூத்தவள வெச்சுக்கத் தெரிஞ்சிருக்குது" என்று தம்பியைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்தாள். பிறகு என் மூக்குத்திக்குப் பால் ஊற்றினாள், சந்தனம் வைத்தாள், மல்லிகைச் சரம் சாத்தினாள். பங்காரு, பங்காரு என்று அழுதாள். அழுகை நிஜம்தான், எனக்கே கண் கலங்கிற்று. அவர் வந்து என் மூக்குத்தியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். நானும் விழுந்தேன். விழுந்த இடத்தில் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

சாந்தாமணியையும் கும்பிடச் சொன்னார்கள். அவள் கொட்டாங்குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். பலகையில் இருந்த பொட்டைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள். கும்பிட்டாள்.  நாத்தனார் பொட்டை எடுத்துப் பழையபடி என் கழுத்தில் கட்டி இறுக முடிச்சுப் போட்டாள்.

சாப்பாடு முடிந்தது. அவர் ஷிப்டுக்குப் போனார். நாத்தனார் பின்கட்டில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இலை போட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தாமணி வந்தாள். எட்டு நாளைக்குப் பிறகு முழங்கால் இடிக்கிற மாதிரி ஒட்டி உட்கார்ந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். மறுபடியும் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். என் மூக்குத்தியை அம்மா என்று நினைத்துக்கொண்டு இனி அதைப் பார்க்கப் போகிறாள். பார்த்துவிட்டுப் போகட்டும், கிட்டே உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அவ்வளவு பஞ்சம் எனக்கு.

"ஏனுங்க."

"என்ன கண்ணு?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கம்மா கொட்டாங்குச்சிக்குள்ள இருக்காங்க. நாந்தானுங்க எடுத்தேன்." விரலை என் கழுத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாருங்க?"

எட்டு நாளாகப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. அவள் கேட்கிற கேள்விக்கு இனி ஒரு பொய்யும் ஞாபகம் வரவில்லை.

"அது நான்தான் கண்ணு. என்ற மூக்குத்திய அழிச்சு அடிச்சது."

அவள் யோசித்தாள். ஒரு மனுஷி பொட்டுக்குள் போவதற்கு என்ன வழி என்று அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். அவள் உதடு கோணிற்று.

"அப்ப நீங்களும் செத்துப்போயிட்டீங்களா?"

கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். கழுத்திலிருந்து பார்வை மேலே ஏறிற்று. மோவாய், வாய், வேப்பங்குச்சி செருகிய மூக்கு, பிறகு கண். இத்தனை மாதத்தில் அவள் கண்ணை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு கண்ணில் கருவிழிக்குப் பக்கத்தில் கடுகளவு மச்சம் இருந்தது.

"இல்ல சாமி. பாரு, இருக்கேன். உசுரோடதான் இருக்கேன்."

"அப்ப அதுக்குள்ள இருக்காதீங்க" என்றாள்.

எழுந்து என் பின்னால் வந்து, இரண்டு கையாலும் பிடரி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கயிறு, நாத்தனார் போட்ட முடிச்சு, அவிழவில்லை. நகத்தால் கீறினாள், மூச்சிரைத்தாள், பல்லால் கடித்தாள். அவள் கண்ணீர் என் முதுகில் விழுந்தது. பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. நாத்தனார் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

நான் தலையைக் குனிந்து கொடுத்தேன், முடிச்சு அவள் கைக்கு எட்டட்டும் என்று.